பழைய படக் கேசட்டை இன்னும் யாராவது வாங்குகிறார்களா?

(மின்னணு மற்றும் தொடர்பியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டுரை)



விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருகிறது என்று ஒவ்வொரு மலரிலும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறோம். வளர்வது சரி. வளர்ந்து முடித்துத் தூக்கிப் போட்ட பொருளுக்கு என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை. ஆகவே இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, நம் வீட்டுப் பரண் மேல் கிடக்கும் வீடியோ கேசட், வி.சி.டி., டி.வி.டி. ஆகியவை பற்றியது. போனிலேயே படம் பார்க்கிற இந்தக் காலத்தில் இதையெல்லாம் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் ஏன் வாங்குகிறார்கள்? டிப்ளமோ படிக்கிற நமக்கு இதில் என்ன வேலை? இந்த மூன்று கேள்விக்கும் எனக்குத் தெரிந்த வரையில் விடை சொல்கிறேன்.

நம்ம ஊரும் சினிமாவும்

அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு சினிமாவைப் பற்றி எழுதினால் ஏற்காடு ரோட்டை விட்டுவிட முடியாது. டி.ஆர். சுந்தரம் அவர்கள் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ அந்த ரோட்டில்தான் இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இந்த நிறுவனம் எடுத்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இவர்கள் எடுத்ததே. இன்று ஸ்டூடியோ இல்லை. அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் பலபேர் வருகிறோம்.

ஸ்டூடியோ போனாலும் படம் நமக்குக் கிடைக்கிறது. எதனால்? பிலிம் சுருளில் இருந்து கேசட்டுக்கும், கேசட்டுக்கு அப்புறம் தட்டுக்கும் யாரோ மாற்றி வைத்ததால். அப்படி யாரும் பத்திரப்படுத்தாத படம் என்ன ஆகும் என்பதற்கு 1931-ல் வந்த 'காளிதாஸ்' சாட்சி. தமிழில் முதல் பேசும் படம் என்று பொது அறிவுத் தேர்வுக்கு எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரசு புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை ஆரம்பித்தது 1964-ல். அதற்குள் போனது போனதுதான்.

டெக்கு வந்த கதை

வீட்டு வீடியோ உலகத்தில் முதலில் பெரிய சண்டை போட்டவை இரண்டு. சோனி கம்பெனி 1975-ல் பீட்டாமேக்ஸ் கொண்டு வந்தது. அடுத்த வருஷமே ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். கொண்டு வந்தது. படம் தெளிவாகத் தெரிவது பீட்டாமேக்ஸில்தான் என்று சொன்னவர்கள் நிறைய. ஆனால் ஒரு முழுப் படம் ஒரே கேசட்டில் அடங்கியது வி.எச்.எஸ்.ஸில். அந்த முறையைப் பல கம்பெனிகள் தயாரிக்கவும் செய்தன. ஜெயித்தது வி.எச்.எஸ்.

நம் நாட்டில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டி.வி. வந்தது. கூடவே வி.சி.ஆர்.உம் பரவியது. நம்ம பக்கம் அதை யாரும் வி.சி.ஆர். என்று சொன்னதில்லை, 'டெக்கு'தான். சொந்தமாக டெக்கு வைத்திருந்தவர் ஊருக்கு ஒருத்தர். மற்றவர்களுக்கு வாடகை டெக்கு. எங்க அம்மாயி சொல்லும்: "தலைக்கு ஒரு ரூபா போட்டு, டி.வி.யும் டெக்கும் எடுத்தாந்து வாசல்ல வெச்சு, விடிய விடிய மூணு படம் பாப்போம் கண்ணு. மூணாவது படம் யாருமே முழுசா பாத்தது கிடையாது."

டெக்கோடு திருட்டு கேசட்டும் வந்துவிட்டது. அதைத் தடுக்க மத்திய அரசு 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பிறகு திருட்டு வி.சி.டி. பெருகியபோது தமிழக அரசு 2004-ல் வீடியோ திருடர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. அந்த அளவுக்கு இது பணம் புரண்ட தொழில். 1993-ல் சன் டி.வி. தொடங்கி, கேபிளில் தினமும் படம் ஓட ஆரம்பித்ததும் வாடகை டெக்கு மெல்ல மெல்ல ஓய்ந்தது.

கேசட் எப்படி வேலை செய்கிறது?

இனி கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், சர்க்யூட் எதுவும் போடவில்லை.

பாட்டு கேசட்டில் டேப் ஒரு நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும். வி.எச்.எஸ். கேசட்டில் நம் நாட்டு பால் முறைப்படி ஓடுவது எவ்வளவு தெரியுமா? நொடிக்கு வெறும் 2.34 செ.மீ. பாட்டு கேசட்டில் ஏறத்தாழ பாதி! ஆனால் பதிய வேண்டிய சங்கதி பல மடங்கு. ஒலிக்கு 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும். நம் டி.வி. படத்துக்கு 5 மெகா ஹெர்ட்ஸ் வரை வேண்டும், அதாவது 250 மடங்கு. அதில் கொஞ்சத்தை வி.எச்.எஸ். விட்டுக்கொடுத்துவிடுகிறது, படம் லேசாக மங்கலாகத் தெரிவது அதனால்தான். அப்படியும் இவ்வளவு மெதுவாக ஓடுகிற டேப்பில் படம் எப்படிப் பதிகிறது?

இங்கேதான் மூளை இருக்கிறது. டேப்பை வேகமாக ஓட்டுவதற்குப் பதில் ஹெட்டைச் சுழல விட்டார்கள். 62 மி.மீ. விட்டமுள்ள ஒரு டிரம், அதில் எதிரெதிராக இரண்டு ஹெட். டிரம் நொடிக்கு 25 சுற்று சுற்றும். சுற்றளவை 25-ஆல் பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு சுமார் 4.87 மீட்டர் வரும். டேப் நகர்கிற வேகத்தைப் போல இருநூறு மடங்குக்கு மேல். டிரம் சற்றே சாய்ந்திருப்பதால் ஹெட் டேப்பின் மேல் சாய்ந்த கோடுகளாக எழுதிக்கொண்டே போகும். ஒரு கோடு ஒரு ஃபீல்டு. இரண்டு ஹெட், 25 சுற்று, ஆக நொடிக்கு 50 ஃபீல்டு. நம் டி.வி.க்கு வேண்டியதும் அதேதான். அந்தக் காலத்தில் படம் ஆடினால் 'டிராக்கிங்' குமிழைத் திருகுவார்கள் இல்லையா? ஹெட் அந்தச் சாய்ந்த கோட்டின் மேல் சரியாக விழும்படி செய்யத்தான் அந்தத் திருகல்.

மூன்று மணி நேர கேசட்டில் டேப்பின் நீளம் எவ்வளவு? 180-ஐ 60-ஆல் பெருக்கி 2.34-ஆல் பெருக்கினால் சுமார் 253 மீட்டர். கால் கிலோ மீட்டர் டேப் ஒரு சோப்பு டப்பா போன்ற பெட்டிக்குள்! இதைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும்.

தட்டு வந்தது

1993-ல் வி.சி.டி.க்கான விதிமுறை வகுக்கப்பட்டது. பாட்டு கேட்கிற அதே சி.டி.யில், எம்பெக்-1 என்ற முறையில் படத்தைச் சுருக்கி வைத்தார்கள். படம் 352-க்கு 288 புள்ளி. ஒரு தட்டில் 74 நிமிடம். அதனால்தான் நம் படத்துக்கு இரண்டு தட்டு, சிலதுக்கு மூன்று தட்டு வேண்டியிருந்தது. பிறகு டி.வி.டி. வந்தது. அதன் விதிமுறை 1995-ல் உருவாகி, முதல் பிளேயர் 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. படம் 720-க்கு 576 புள்ளி, வி.சி.டி.யைப் போல நான்கு மடங்கு. அதே அகலத் தட்டில் இவ்வளவு எப்படி அடங்கியது? சி.டி.யில் தடத்துக்குத் தடம் இடைவெளி 1.6 மைக்ரோ மீட்டர், டி.வி.டி.யில் 0.74. லேசரின் அலைநீளத்தை 780 நானோ மீட்டரில் இருந்து 650-க்குக் குறைத்ததால் கோடுகளை நெருக்கிப் போட முடிந்தது. கூரான பென்சிலால் பொடி எழுத்து எழுதுவது மாதிரி. 2006-ல் வந்த ப்ளூ-ரே இன்னும் கூரானது: 405 நானோ மீட்டர், ஒரு அடுக்கில் 25 ஜி.பி.

நம் மாநிலத்தில் 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் குடிசை வீட்டுக்கும் கலர் டி.வி. வந்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் என்ற நிறுவனம் அசல் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. திருட்டுத் தட்டு விலைக்கே அசல் தட்டு! அப்போது நம் ஜனங்கள் நிஜமாகவே வாங்கினார்கள். மலிவாகக் கொடுத்தால் நம் ஆட்கள் நேர்மையாகவே வாங்குவார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனால் வேகமான இணையம் வந்ததும் தட்டின் காலம் சுருங்கியது. 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் 'சி2எச்' என்ற திட்டத்தில் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேராக டி.வி.டி.யாகவே வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நல்ல யோசனைதான், நிலைக்கவில்லை. மோசர் பேயரையும் 2018-ல் கலைக்க உத்தரவாயிற்று.

யார் வாங்குகிறார்கள்?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வெளிநாட்டு நிலவரத்தை முதலில் பார்ப்போம். உலகத்தில் கடைசி வரை டெக்கு தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்தியது. அதற்கு முந்தின வருஷம் அவர்கள் விற்றது ஏழரை லட்சம் டெக்கு. வாங்க ஆள் இருந்தார்கள், உதிரி பாகம் கிடைக்காததால் மூடினார்கள். அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தபாலில் டி.வி.டி. அனுப்புவதை 2023 செப்டம்பர் வரை நடத்தியது. 2022-ல் பிரிக்காத ஒரு 'பேக் டு த ஃபியூச்சர்' வி.எச்.எஸ். கேசட் ஏலத்தில் 75,000 டாலருக்குப் போனது. 2024 டிசம்பரில் 'ஏலியன்: ராமுலஸ்' என்ற புதுப் படத்தையே கொஞ்சம் வி.எச்.எஸ். கேசட்டாகப் போட்டு விற்றார்கள். பழைய சாமானுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

நம்ம ஊரில் ஏலமெல்லாம் கிடையாது. முன்பு சி.டி. கடை வைத்திருந்து இப்போது அதே கடையில் போன் கவரும் ரீசார்ஜும் பார்க்கிற ஒரு அண்ணனிடம் கேட்டேன். மேல் தட்டில் இன்னும் இரண்டு பெட்டி வைத்திருக்கிறார். "யாருண்ணா வாங்கறாங்க?" என்றேன். "வர்றவங்க கம்மிதான் தம்பி. ஆனா வர்றவங்க தேடி வர்றாங்க" என்றார். அவர் சொன்னதை வைத்து நான் மூன்று வகையாகப் பிரிக்கிறேன்.

முதல் வகை, வயசானவர்கள். அவர்களுக்கு ஸ்மார்ட் போன் ஒத்துவராது. பிளேயரில் தட்டைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினால் படம் வர வேண்டும், அவ்வளவுதான். பழைய படம், பக்திப் படம் கேட்பார்களாம்.

இரண்டாம் வகை, ஓ.டி.டி.யில் கிடைக்காத படத்தைத் தேடுகிறவர்கள். எல்லாப் படமும் ஆன்லைனில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. இருக்கிற பழைய படங்களிலும் சிலவற்றில் பாட்டு வெட்டப்பட்டிருக்கும், சிலது கலங்கலாக இருக்கும். அந்தக் கலங்கலைக் கவனித்துப் பாருங்கள், கேசட்டிலோ வி.சி.டி.யிலோ இருந்து ஏற்றிய அடையாளம் பலதில் தெரியும். நாம் காலாவதி என்று சொல்கிற பொருளில் இருந்துதான் நமக்கு இன்று இலவசப் படம் வருகிறது!

மூன்றாம் வகை, சேர்த்து வைக்கிறவர்கள். தபால் தலை சேர்ப்பது போல அட்டையோடு சேர்க்கிறார்கள். நம்மைவிட இரண்டு மூன்று வயசு கூடின இளைஞர்களும் இதில் உண்டு என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வாங்குவது என்றால் என்ன?

இந்த இடத்தில் ஒரு சின்னக் கேள்வி. ஆப்பில் 'வாங்கு' என்ற பட்டனை அமுக்கிப் படம் வாங்குகிறோமே, அது நம்முடையதா? இல்லை. பார்க்கிற அனுமதியைத்தான் வாங்குகிறோம். கம்பெனியின் உரிமை முடிந்தால் படம் நம் பட்டியலில் இருந்து போய்விடலாம். இதனால்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அனுமதியை மட்டும் விற்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இருபத்தெட்டு ரூபாய்த் தட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை நண்பனுக்குக் கொடுக்கலாம், திரும்ப வாங்கலாம், விற்கலாம். மாதச் சந்தா கட்டாவிட்டாலும் ஓடும். நெட் இல்லாவிட்டாலும் ஓடும்.

இதற்காக எல்லோரும் பழைய தட்டுக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தட்டுக்கும் ஆயுசு உண்டு, பிளேயரும் குறைந்துகொண்டே வருகிறது. சாம்சங் 2019-ல் புது ப்ளூ-ரே பிளேயர் கொண்டு வருவதை நிறுத்திக்கொண்டது. பதிவு செய்கிற ப்ளூ-ரே தட்டை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. பிளேயர் இல்லாத தட்டு சாவி தொலைந்த பூட்டுக்குச் சமம்.

கடையில் கிடைக்காத கேசட்

நண்பர்களே, சினிமாப் படமாவது எங்காவது இன்னொரு பிரதி இருக்கும். எங்குமே இன்னொரு பிரதி இல்லாத கேசட் ஒன்று பல வீட்டில் இருக்கிறது: கல்யாணக் கேசட்.

எங்க அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். தாத்தா தறி ஓட்டினவர். நான் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். எங்க வீட்டுல பத்தாவது தாண்டி வந்த முதல் ஆளு நான்தான். தாத்தாவுக்கு ரேஷன் கார்டு போட்டோ ஒன்றைத் தவிர வேறு படம் கிடையாது. ஆனால் அப்பா கல்யாணக் கேசட்டில் அவர் இருக்கிறார், பந்தியில் நின்று எல்லோரையும் சாப்பிடச் சொல்கிறார் என்று அம்மா சொல்லும். பீரோவில் இருந்த அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்க எங்களிடம் டெக்கு இல்லை.

போன வருஷம் பழைய இரும்புக் கடையில் ஓடாத டெக்கு ஒன்றை எடை போட்டு வாங்கி வந்தேன். ரப்பர் பெல்ட் இளகிப் போயிருந்தது, மாற்றினேன். பவர் சப்ளையில் உப்பியிருந்த கெப்பாசிட்டர் இரண்டைக் கழற்றிப் புதுசு வைத்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நாங்க கொலுசுக்குப் பத்த வைக்கிற மாதிரியேதான் நீயும் பத்த வைக்கிற" என்றார். ஹெட்டைத் துடைத்து, முதலில் வேறொரு வேண்டாத கேசட்டைப் போட்டு ஓட்டிப் பார்த்து, பிறகுதான் எங்க கேசட்டைப் போட்டோம். படத்தில் கோடு கோடாக வந்தது. டிராக்கிங் வைத்ததும் தெளிந்தது. தாத்தா வந்தார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. "குரல் கேக்குதா பாரு" என்று மட்டும் சொன்னார். கேட்டது.

நம்மால் செய்யக்கூடியது

இந்த வேலையைச் செய்ய எம்.இ. படிக்க வேண்டியதில்லை. நாம் செமஸ்டரில் படித்ததே போதும். சில குறிப்புகளைத் தருகிறேன்.

1. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். டேப் சுருளின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே டெக்கில் போடக் கூடாது. டேப் கிழியலாம், பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

2. ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நார் உதிராத மெல்லிய தோல் துண்டால் துடைக்க வேண்டும். துண்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு டிரம்மைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பஞ்சு ஆகவே ஆகாது. டெக்கைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

3. பல வருஷம் சும்மா இருந்த கேசட்டை முதலில் கடைசி வரை ஓட்டி, மறுபடி ரிவைண்ட் செய்து, பிறகு போட வேண்டும். கேசட்டை நிற்க வைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

4. சி.டி.யில் தகவல் இருப்பது பேப்பர் ஒட்டுகிற மேல் பக்கத்துக்குச் சற்றே அடியில். ஆகவே மேல் பக்கக் கீறல்தான் ஆபத்து. கீழ்ப் பக்கச் சின்னக் கீறலைப் பளபளப்பாக்கிச் சரி செய்ய வாய்ப்பு உண்டு.

5. கல்யாண வி.சி.டி.களில் பெரும்பாலானவை கடைத் தட்டு போல அச்சடித்தவை அல்ல. கம்ப்யூட்டரில் 'ரைட்' செய்தவை. அதில் இருப்பது ஒரு வகைச் சாயம். வெயில் பட்டால் அது வெளுக்கும். எனவே கேசட்டுக்கு முன்பே வி.சி.டி.யைக் காப்பி எடுத்துவிடுவது நல்லது. தட்டுக்குள் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டரில் 'டாட்' என்று முடியும் ஃபைல் இருக்கும், அதுதான் படம்.

6. டெக்கில் இருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்க யு.எஸ்.பி. கேப்சர் கருவி ஒன்று போதும். மூன்று மணி நேர கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும், குறுக்கு வழி இல்லை. எடுத்ததை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அசல் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

முடிவுரை

பழைய வடிவத்தில் இன்னும் படம் வாங்குகிறார்களா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: வாங்குகிறார்கள், கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேர் வைத்திருப்பதால் சில படங்கள் பிழைத்திருக்கின்றன. ஏற்காடு ரோட்டில் எடுத்த படத்தை நாளைக்கு நம் பிள்ளைகள் பார்க்க வேண்டுமானால் எங்காவது ஒரு தட்டு, அதை ஓட்ட ஒரு பிளேயர், அந்தப் பிளேயரைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரு ஆள், மூன்றும் வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நாம்தான். டெக்கு ரிப்பேர் தெரிந்த அண்ணன்மார்கள் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கிற வித்தை எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை. அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். லேபில் ஒரு மூலையில் ஒரு டெக்கு, ஒரு டி.வி.டி. பிளேயர், ஒரு கேப்சர் கருவி வைத்தால், விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருகிற ஹாஸ்டல் நண்பர்கள் தங்கள் வீட்டுக் கேசட்டைக் கொண்டு வருவார்கள். நமக்குப் பிராக்டிகலும் ஆகும், பல வீட்டுத் தாத்தா பாட்டிகளும் மீண்டு வருவார்கள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரண் மேல் கேசட் கிடைத்தால் குப்பை வண்டியில் போடுவதற்கு முன், "இதுல யாரு இருக்காங்க?" என்று ஒரு வார்த்தை வீட்டில் கேளுங்கள்.